ஓட்டக்காரரின் ஆண்டு: தமிழ்நாட்டு ஓட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்



தமிழ்நாட்டுச் சமவெளியில் நெடுந்தூர ஓட்டத்தின் பருவம் ஜூன் மாதப் பயிற்சியில் தொடங்கி, ஜனவரியில் உச்சத்துக்குப் போய், பிப்ரவரி இறுதியில் அடங்குகிறது. குளிர்நாடுகளில் ஆண்டுக்கு இரண்டு மாரத்தான் பருவங்கள் உண்டு. பாஸ்டனும் லண்டனும் ஏப்ரலில் நடக்கின்றன. பெர்லின், சிகாகோ, நியூயார்க் மூன்றும் செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் முடிந்துவிடுகின்றன. சென்னைக்கோ மதுரைக்கோ அந்தச் சலுகை கிடையாது. சென்னையில் மே மாதப் பகல் வெப்பம் சராசரியாகவே 37 டிகிரி செல்சியஸைத் தொடும். ஜனவரி விடியற்காலையில் வெப்பம் 21 டிகிரி அளவுக்கு இறங்கும். 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தானை உடம்புக்குக் கெடுதல் இல்லாமல் ஓடத் தோதான நாட்கள், தாராளமாகக் கணக்கிட்டாலும், டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி நடுவரை மட்டுமே. பந்தயப் பதிவுகளோ பன்னிரண்டு மாதமும் திறந்திருக்கின்றன. ஞாயிறுதோறும் எங்காவது ஓர் ஊரில் 10 கிலோமீட்டரோ அரை மாரத்தானோ நடக்கிறது. பதக்கமும் டி-ஷர்ட்டும் கிடைக்கின்றன. குழுவில் நாலு பேர் பெயர் கொடுத்தால் ஐந்தாமவருக்கும் கை துறுதுறுக்கிறது. வானிலையைப் பார்த்து அமைய வேண்டிய ஆண்டு, இப்போது பெரும்பாலும் பதிவுத் தேதிகளைப் பார்த்தே அமைகிறது. குழுக்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் இதுதான்.

ஒரு பருவம், அதில் ஓர் உச்சம் என்கிற ஏற்பாடு அறுபது ஆண்டுகளுக்கு மேல் பழையது. நியூசிலாந்தில் செருப்புத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தபடியே பயிற்சியாளரானவர் ஆர்தர் லிடியார்ட். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். அவருடைய முறையில் முதல் சில மாதங்களுக்கு நிதானமான நீண்ட ஓட்டம் மட்டுமே, அதன்மேல் சில வாரங்கள் மேட்டு ஓட்டம், பிறகு வேகப் பயிற்சி, கடைசியில் பந்தயம். 800 மீட்டர் ஓடும் ஸ்னெல்லும் வாரக்கடைசியில் 35 கிலோமீட்டர் ஓடினார் என்பது அன்றைக்குப் பலருக்கு வேடிக்கையாக இருந்தது. அதே லிடியார்ட், ஆக்லாந்தில் தொப்பை விழுந்த நடுவயதினரையும் மெல்லோட்டத்துக்கு இறக்கினார். 1962-ல் அங்கே வந்து அதைப் பார்த்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், ஊர் திரும்பியதும் ஓரிகனில் பொதுமக்களுக்கு ஓட்ட வகுப்புகள் நடத்தினார். 1970-ல் முதல் நியூயார்க் மாரத்தானில் புறப்பட்டவர்கள் 127 பேர், முடித்தவர்கள் 55 பேர், நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். இந்தியாவில் அலுவலகம் போகிறவர்கள் கூட்டமாக ஓடத் தொடங்கியதற்கு 2004-ல் தொடங்கிய மும்பை மாரத்தானை எல்லையாகக் கொள்ளலாம். இங்கே பந்தயங்கள் வேகமாகப் பெருகிவிட்டன. லிடியார்டின் பொறுமை அதே வேகத்தில் பரவவில்லை.

ஜூன், ஜூலை மாதங்கள் அடித்தளத்துக்கு உரியவை. பக்கத்தில் ஓடுபவரிடம் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகும் வேகம்தான் இப்போது சரியான வேகம். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்று குழுக்களில் ஒரு விதி சொல்வதுண்டு. நெதர்லாந்தின் குரோனிங்கனில் 532 புதிய ஓட்டக்காரர்களை வைத்துச் செய்து 2008-ல் வெளியான ஆய்வு ஒன்றில், அந்த விதிப்படி மெதுவாகக் கூட்டியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் காயம் பட்ட விகிதத்தில் வேறுபாடு இல்லை. இரு பக்கமும் ஐந்தில் ஒருவர். ஆக, அந்த எண்ணுக்குத் தனி மகிமை இல்லை. முன்னங்கால் எலும்பு வலிக்கிறதா, மறுநாள் காலை குதிகாலைத் தரையில் ஊன்ற முடிகிறதா என்று கவனிப்பது அதைவிட உதவும். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் இந்த மாதங்களில் பழக்கமாகிவிட்டால் பிறகு கைகொடுக்கும். நவம்பரில் புதிதாகத் தொடங்கினால் வலிதான் மிஞ்சும்.

விடிகாலை நாலரை மணிச் சாலை ஓட்டக்காரருக்கு முன்பே தெருநாய்களுக்குச் சொந்தமாகிவிட்டிருக்கும். தனியாக ஓடுபவரைத் துரத்தும் நாய், நாலைந்து பேராகப் போகிறவர்களை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. நின்று நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்தாலோ நகம் பட்டுத் தோல் கிழிந்தாலோ, ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டாக வேண்டும். ‘சின்னக் கீறல்தானே’ என்று நீண்ட ஓட்டத்தை முடித்துவிட்டு வருகிற வீரமெல்லாம் வெறிநாய்க்கடி விஷயத்தில் ஆகாது.

வெப்பத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஓடும் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது. அதை வெளியேற்ற உடம்புக்குள்ள முக்கிய வழி வியர்வை. அதுவும் ஆவியானால்தான் குளிர்ச்சி. சொட்டித் தரையில் விழும் வியர்வையால் பயனில்லை. கடலோர ஊர்களில் விடியற்காலையில் வெப்பம் குறைவாக இருந்தாலும் காற்றின் ஈரப்பதம் அந்த நேரத்தில்தான் மிகுந்திருக்கும். பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலையில் ஐந்து மணிக்கு ஓடுபவரின் சட்டை பத்தே நிமிடத்தில் பிழிய வருவதும், அதே வெப்பநிலையில் கோயம்புத்தூரில் ஓடுபவர் அவ்வளவு களைக்காததும் இதனால்தான். வெப்பத்துக்குப் பழக உடம்புக்கு 10 முதல் 14 நாட்கள் பிடிக்கும். அதற்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. வாரமெல்லாம் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துவிட்டு ஞாயிறு மட்டும் 25 கிலோமீட்டர் ஓடுபவருக்கு இந்தப் பழக்கம் படிவதே இல்லை.

வெப்பத் தாக்குதலின் அடையாளம் வியர்வை நின்றுபோவது என்று பலர் நம்புகிறார்கள். ஓட்டக்காரருக்கு வரும் வெப்பத் தாக்குதலில் உடம்பு நன்றாகவே வியர்த்திருக்கலாம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவதும், கூடவே பேச்சு குழறுவது, திசை தெரியாமல் தள்ளாடுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது போன்ற மனக்குழப்பமும்தான் அடையாளங்கள். அப்போது செய்ய வேண்டியது முதலில் குளிர்விப்பது, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. வரிசை மாறினால் ஆபத்து. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஆகஸ்ட் வெயிலில் நடக்கும் ஃபால்மத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் 274 பேருக்கு இந்தத் தாக்குதல் நேர்ந்தது. பந்தய இடத்திலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் குளிர்வித்ததால் அத்தனை பேரும் பிழைத்தார்கள். குழுவின் நீண்ட ஓட்டத்துக்குத் துணையாக வரும் காரில் இரண்டு பை ஐஸ், ஒரு தார்ப்பாய், நாலு துண்டு இருந்தால் அதே வேலையை ஓரளவுக்குச் செய்யலாம். செலவு, ஒரு பந்தயப் பதிவுக் கட்டணத்தில் சிறு பகுதி.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் மேட்டு ஓட்டத்துக்கு. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையும், ஏற்காட்டுச் சாலையும், வால்பாறை ஏற்றமும் இதற்கென்றே போட்டவை போல் இருக்கின்றன. ஏறும்போது நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் வேலை. இறங்கும்போது தொடையின் முன்தசைக்கு அடி. இறக்கத்தில் தசை நீண்டபடியே எடையைத் தாங்குவதால்தான் இரண்டு நாள் கழித்து மாடிப்படி இறங்க முடியாமல் போகிறது. ஆனால் ஒருமுறை இப்படி நொந்த தசை அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவு நோகாது. ஆகவே மலையில் பந்தயம் ஓடப்போகிறவர் ஏற்றத்தைப் போலவே இறக்கத்தையும் பழக வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மலை அரை மாரத்தான் பெரும்பாலும் இந்தச் சமயத்தில் நடக்கும். யவதேஷ்வர் மலைச்சாலையில் பாதி தூரம் ஏறிக் காஸ் பீடபூமிப் பக்கம் போய், அதே வழியில் திரும்புவது. மழை தூறிக்கொண்டே இருக்கும். சாலையோரம் பச்சை வழியும். தென்னிந்திய ஓட்டக்காரருக்கு இந்தப் பருவத்தில் கிடைக்கும் மிகவும் இன்பமான பந்தயங்களில் இதைச் சேர்க்கலாம். நேரத்தைப் பற்றிய ஆசையைச் சாத்தாரா பேருந்து நிலையத்திலேயே விட்டுவிட்டால் இன்பம் இரட்டிப்பு.

லடாக் மாரத்தான் வேறு வகை. 2012-ல் தொடங்கிய அது லே நகரில் செப்டம்பரில் நடக்கிறது. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மாரத்தானோடு கூடவே நடக்கும் கர்துங் லா சவாலில் 72 கிலோமீட்டர் ஓட வேண்டும். கர்துங் கிராமத்திலிருந்து புறப்பட்டு, 5,370 மீட்டர் உயரக் கணவாயை ஏறிக் கடந்து லேவுக்கு இறங்குவது அதன் பாதை. கணவாயில் காற்றழுத்தம் கடற்கரையின் பாதி அளவுக்கு வந்துவிடும். சென்னையிலிருந்து காலை விமானத்தில் கிளம்பினால் அன்று பகலுக்குள் லேயில் இறங்கலாம். உடம்பு அப்படி ஒரே நாளில் உயரம் ஏறாது. முதல் இரண்டு நாள் அறையை விட்டு அதிகம் நகராமல் இருப்பது, பிறகு மெதுவாக நடப்பது, ஒரு வாரத்துக்கு மேல் அங்கே தங்கிய பிறகே ஓடுவது என்பதுதான் முறை. 3,000 மீட்டருக்கு மேல் இரவு தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. தலைவலியும் குமட்டலும் தொடக்க எச்சரிக்கைகள். ஓய்விலும் மூச்சு வாங்குவதும், நடை தள்ளாடுவதும் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொண்டதைக் காட்டலாம். அதற்கு மருந்து உடனே கீழே இறங்குவதுதான். சமவெளியில் மூன்றரை மணி நேரத்தில் மாரத்தான் முடிப்பவருக்கும் இதில் விலக்கில்லை. திடகாத்திரம் உயர நோயைத் தடுப்பதில்லை. சொல்லப்போனால், அந்தத் தெம்பை நம்பி வேகமாக ஏறுகிறவர்களே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

மலைப் பந்தயத்தில் குளிரை அசட்டை செய்ததன் விலையைச் சீனாவின் கான்சு மாகாணம் காட்டியது. 2021 மே 22-ல் மஞ்சளாற்றுக் கல்வனத்தில் நடந்த 100 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆலங்கட்டி மழையும் உறைகாற்றும் திடீரென வீச, அரைக்கால் சட்டையும் மெல்லிய மேல்சட்டையுமாக ஓடிய 172 பேரில் 21 பேர் இறந்துபோனார்கள். தேர்ந்த ஓட்டக்காரர்களும் அதில் அடக்கம். காற்றுப் புகாத மேல்சட்டை, விசில், தலைவிளக்கு, அவசரப் போர்வை ஆகியவற்றைக் கட்டாயமாக்கும் பந்தயத்தை ‘ரொம்பக் கெடுபிடி’ என்று குழுக்களில் குறை சொல்வது வழக்கம். அந்தக் கெடுபிடி இல்லாத மலைப் பந்தயத்தைத்தான் தவிர்க்க வேண்டும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். நீண்ட ஓட்டங்கள் 25 கிலோமீட்டரிலிருந்து 32-க்கு வளர வேண்டிய மாதங்களும் இந்த அக்டோபர், நவம்பரே என்பது சென்னைக்கார ஓட்டக்காரரின் தலையெழுத்து. மழையில் ஓடுவதால் கெடுதல் இல்லை. தேங்கிய நீரில் ஓடுவதில்தான் கெடுதல். திறந்து கிடக்கும் வடிகால் குழி தண்ணீருக்கடியில் தெரியாது. காலில் வெடிப்போ கொப்புளமோ இருந்தால் அதன் வழியே எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். முழங்கால் ஆழத் தண்ணீரில் ஓடிப் புகைப்படம் எடுத்துக்கொள்வதற்குப் பதிலாக, அன்றைக்கு அடுக்குமாடிப் படிகளை ஏறி இறங்கினால் போதும். நவம்பரில் பத்து நாள் போனால் போகட்டும். ஜூன் முதல் கட்டிய அடித்தளம் அவ்வளவு சீக்கிரம் கரையாது.

இதே சமயத்தில் டெல்லி அரை மாரத்தானும் வரும். தட்டையான பாதை, வேகமான கூட்டம். நேரத்தைக் குறைக்க விரும்புகிறவர்கள் போகிறார்கள். ஆனால் அந்த நகரத்தின் காற்று அக்டோபருக்குப் பிறகு நாளுக்கு நாள் கெடும். 2017-ல் பந்தயத்தைத் தள்ளிவைக்கும்படி இந்திய மருத்துவ சங்கமே வலியுறுத்தியது, பந்தயம் நடந்தது. ஓடும்போது மூச்சின் அளவு ஓய்வில் இருப்பதைவிடப் பல மடங்கு பெருகும், அதுவும் வாய் வழியே. ஆஸ்துமா உள்ளவர்கள் போகாமல் இருப்பதே நல்லது.

டிசம்பரில் கோயம்புத்தூர் மாரத்தான். 2013-ல் தொடங்கிய அது கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடத்தப்படுவது. முன்பு அக்டோபரில் நடந்தது, பிறகு டிசம்பருக்கு நகர்ந்தது. ஜனவரியில் முழு மாரத்தான் ஓடுகிறவருக்கு இங்கே அரை மாரத்தான் நல்ல ஒத்திகை. காலணி, காலுறை, ஜெல், காலையில் சாப்பிடும் இட்லியின் எண்ணிக்கை உட்பட எல்லாவற்றையும் இங்கே சோதித்துவிட வேண்டும். பந்தய நாளில் புதிதாக எதையும் முயலக் கூடாது என்பது குழுக்களில் எல்லோரும் சொல்வது, பாதிப் பேர் மீறுவது. அதன் பிறகு இலக்குப் பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரம் தூரத்தைக் குறைக்கும் காலம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் வந்த பகுப்பாய்வு ஒன்று, வேகத்தைக் குறைக்காமல் மொத்த அளவை மட்டும் 41 முதல் 60 சதவீதம் குறைப்பது நல்ல பலன் தருவதாகக் காட்டியது. இந்த நாட்களில் கால் கனக்கிற மாதிரி இருக்கும், இல்லாத வலியெல்லாம் எட்டிப் பார்க்கும். பயத்தில் போய் 30 கிலோமீட்டர் ஓடிவிடுகிறவர்கள் குழுவுக்கு ஒருவராவது உண்டு; நண்பர்கள் அவரைக் கட்டிவைப்பது தகும்.

ஜனவரியில் சென்னை, மும்பை என்று இரண்டு பெரிய மாரத்தான்கள். இரண்டையும் முழு தூரம் ஓடுவது அமெச்சூர் உடம்புக்கு உகந்ததல்ல. மாரத்தானில் சிதைந்த தசை இழைகள் சரியாக இரண்டு, மூன்று வாரமாவது பிடிக்கும். ஒன்றில் முழுதும் மற்றதில் 10 கிலோமீட்டரும் என்றால் பரவாயில்லை. மும்பை மாரத்தான் ஜனவரி மூன்றாம் ஞாயிறு நடக்கிறது. முழு தூரம் ஓடுபவர்கள் சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் நிலையப் பக்கம் இருட்டிலேயே புறப்பட்டு, மரைன் டிரைவ் வழியாகப் போய், பாந்த்ரா–ஒர்லி கடல் பாலத்தில் ஏறுகிறார்கள். பாதையின் மோசமான மேடான பெடார் சாலை, திரும்பி வரும்போது 30 கிலோமீட்டருக்குப் பிறகு வருகிறது. பாதையை வகுத்தவருக்கு வேறு வழி இருந்திருக்காதுதான்; ஆனால் உடம்பில் சேமித்த மாவுச்சத்து தீரும் இடமும் ஏறக்குறைய அதுவே.

தசைகளிலும் கல்லீரலிலும் இருக்கும் கிளைகோஜன் நாலைந்நூறு கிராம்தான். நிதானமாக ஓடினால் உடம்பு கொழுப்பையும் சேர்த்து எரிக்கும். முதல் பத்து கிலோமீட்டரைத் துள்ளலில் வேகமாக ஓடியவருக்குக் கையிருப்பு சீக்கிரமே கரைந்து, முப்பதாவது கிலோமீட்டரில் கால் இரும்பாகும். ஆகவே முதல் பாதியை இரண்டாம் பாதியைவிடச் சற்று மெதுவாக ஓடத் திட்டமிடுவதும், தாகமோ பசியோ வரும்முன் அரை மணிக்கு ஒருமுறை ஜெல்லோ வாழைப்பழமோ எடுப்பதும் நல்லது. மும்பையில் சாலையோரத்துக் குடும்பங்கள் தட்டில் வைத்து நீட்டும் ஆரஞ்சுச் சுளையும் கடலை மிட்டாயும் எந்தக் கடையில் வாங்கும் பொட்டலத்துக்கும் குறைந்தவை அல்ல.

தண்ணீர் விஷயத்தில் பழைய அறிவுரை மாறிவிட்டது. முடிந்தவரை குடி என்றுதான் ஒரு காலத்தில் சொன்னார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியிருந்தவர்கள், அதாவது இழந்ததைவிட அதிகம் குடித்தவர்கள்தான் பெரும்பாலும் அதில் சிக்கினார்கள். நாலரை, ஐந்து மணி நேரம் ஓடி ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் இரண்டு குவளை குடிக்கும் மெதுவான ஓட்டக்காரர்களுக்கே இதில் ஆபத்து அதிகம். வேகமாக முடிப்பவருக்குக் குடிக்கவே நேரம் இருக்காது. தாகத்துக்குக் குடிப்பதும், நடுவில் உப்புப் போட்ட மோரோ உப்பு–சர்க்கரைக் கரைசலோ எடுப்பதும் போதும்.

மாரத்தானில் மாரடைப்பு என்று செய்தி வந்தால் வீட்டார் கலங்குவது இயல்பு. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரில் ஓட்டத்தின்போதோ முடித்த சற்று நேரத்திலோ இதயம் நின்றது 59 பேருக்கு. இறந்தவர்கள் 42 பேர். பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்குக் கைகொடுத்தது, பக்கத்தில் இருந்தவர் உடனே நெஞ்சை அழுத்தியதுதான். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒருவர் 108-ஐ அழைக்கும்போது மற்றவர் அழுத்தத்தை நிறுத்தக் கூடாது. ஒரு ஞாயிறு காலையில் ஒரு மணி நேரத்தில் இதைக் குழு முழுவதும் கற்றுக்கொள்ளலாம். 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள், சிறு வயதில் இதய நோயால் இறந்தவர் குடும்பத்தில் இருப்பவர்கள் ஜூன் மாதத்திலேயே மருத்துவரைப் பார்த்துவிடுவது முறை.

பந்தய எண் அட்டையை வாங்கிக்கொண்டு வேறொருவர் பெயரில் ஓடும் வழக்கமும் இங்கே ஒரு சிக்கலாகிறது. கட்டணம் திரும்பக் கிடைக்காதென்பதால் நண்பருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அட்டையின் பின்புறம் எழுதியிருக்கும் இரத்த வகையும், வீட்டுத் தொலைபேசி எண்ணும் ஓடுகிறவருடையவை அல்ல என்பதை, அவர் மயங்கி விழுந்த பிறகுதான் மருத்துவர் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இதைக் குழுக்கள் தங்களுக்குள்ளேயே தடுத்துவிடலாம்.

ஜிபிஎஸ் கடிகாரம் 42.6 கிலோமீட்டர் காட்டியது, அமைப்பாளர் தூரத்தைத் தப்பாக அளந்துவிட்டார் என்கிற புகார் ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் எழுகிறது. சான்று பெற்ற பாதையை, சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளை வைத்து அளக்கிறார்கள். வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, இருப்பதிலேயே மிகக் குறுகிய வழியில் அளந்து, குறைந்துபோகாமல் இருக்கக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டிக்கொள்கிறார்கள். கூட்டத்தை வளைத்து, தண்ணீர்ப் பந்தலுக்கு ஒதுங்கி, வளைவின் வெளிவிளிம்பில் ஓடுகிறவர் அதைவிட அதிகம் ஓடுவது இயல்பு. கடிகாரத்தை நம்பி வேகத்தைக் கணக்கிட்டவருக்குக் கடைசிக் கிலோமீட்டரில் கணக்கு உதைக்கும். சாலையோரக் கிலோமீட்டர்ப் பலகையைப் பார்த்து ஓடினால் அந்த ஏமாற்றம் இருக்காது.

பிப்ரவரியில் நடைபெறும் ஆரோவில் மாரத்தான் பருவத்தை முடிக்கச் சரியான இடம். நேரம் குறிப்பதில்லை, பரிசு இல்லை. வெறும் செம்மண் மேடாகக் கிடந்த நிலத்தில் 1968-க்குப் பிறகு வந்தவர்கள் வளர்த்த காட்டின் வழியே பாதை போகிறது. மும்பையில் நினைத்த நேரம் கிடைக்காதவர் இங்கே வந்து மறுபடியும் கடிகாரத்தோடு மல்லுக்கட்டினால், அதற்கு ஆரோவில் பொறுப்பில்லை.

அதற்குப் பிறகு ஓட்டக்காரர்கள் மலைப்பக்கம் திரும்புகிறார்கள். காட்டுத்தீப் பருவமும் அப்போதுதான் தொடங்குகிறது. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்து வந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல் மூடிய சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு எந்த மாரத்தான் ஓட்டக்காரராலும் ஈடுகொடுக்க முடியாது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு தொடங்கியது. உள்ளூர் மலைக்கிராம இளைஞர்களே வழிகாட்டிகள். பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீப் பருவத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. அந்த இரண்டு மாதமும் ‘தெரிந்த ஆள் ஒருவர் கூட்டிப்போகிறார்’ என்று காட்டுக்குள் நுழைவதைக் குழுக்கள் தங்கள் பெயரில் அனுமதிக்கவே கூடாது.

பாதைகள் திறந்த பிறகு ஓட்டக்காரர்களுக்கு ஏற்றவை நிறைய உண்டு. கோத்தகிரி லாங்வுட் சோலை சிறுவர்களையும் கூட்டிப்போகத் தக்கது. கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளக்கெவிக்கு இறங்கும் பாதை தொடைகளைச் சோதிக்கும். காலகாலமாகக் கால்நடையாகவே போய்வந்த ஊர் அது. இந்தப் பாதைகளில் ஓடக் கூடாது, நடக்க வேண்டும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வளைவில் பாய்ந்து திரும்புகிறவருக்கு எதிரே யானையோ காட்டெருமையோ நிற்கலாம். வழிகாட்டிக்குப் பின்னால் போவதற்குக் காரணம் அதுதான்.

கோயம்புத்தூர் வெள்ளியங்கிரியில் ஏழாவது மலைக்கு ஏறுவது பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை. மூங்கில் தடியூன்றி இரவெல்லாம் ஏறும் பக்தர்களில் ஒவ்வோர் ஆண்டும் சிலர் மூச்சுத் திணறியோ நெஞ்சடைத்தோ இறக்கிறார்கள். மாரத்தான் முடித்த தெம்பில் அதை இரண்டு மணி நேரத்தில் ஓடி ஏறிக் காட்டும் பந்தய மனப்பான்மை அங்கே பொருந்தாது. பாதையோ குறுகியது, முன்னால் செல்பவருக்கு அறுபது வயது இருக்கலாம்.

ஏப்ரல் கடைசியில் பெங்களூரு உலக 10 கிலோமீட்டர் ஓட்டம். 2008-ல் தொடங்கியது, கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம் தரும் காலைக் குளிர்ச்சி கொஞ்சம் மிச்சமிருக்கும். ஆறு வாரம் வேகப் பயிற்சிக்குச் சாக்காக இதை வைத்துக்கொள்ளலாம். மாரத்தான் களைப்பு போகாதவர் விட்டுவிடலாம். மே மாதத்தில் ஓட்டமே வேண்டாம். நீச்சல், சைக்கிள், மொட்டைமாடியில் தசைப் பயிற்சி, தள்ளிப்போட்ட பல் வைத்தியம் ஆகியவற்றுக்கு இந்த நான்கு வாரம் பயன்படட்டும்.

குழுக்கள் அடுத்த பருவத்துக்கான இலக்குப் பந்தயத்தை, ஒருவருக்கு ஒன்று என்ற கணக்கில், இந்த மே மாதத்திலேயே எழுதி வைத்துவிடலாம். ஜூன் முதல் வாரத்திலிருந்து ஜனவரி மூன்றாம் ஞாயிறுவரை முப்பது வாரத்துக்கு மேல் இருக்கிறது. மாரத்தானுக்கான தனிப் பயிற்சிக்கு 18 வாரம் போதும். மீதியை நிதானமான அடித்தள ஓட்டத்துக்கும், ஒரு மலைப் பந்தயத்துக்கும், மழையில் போகிற பத்து நாளுக்கும், காய்ச்சலில் படுக்கும் ஒரு வாரத்துக்கும் ஒதுக்கினால் சரியாக இருக்கும். நடுவில் வேறு பந்தயங்களுக்குப் பெயர் கொடுப்பதாக இருந்தால், அந்த வாரத்தில் எந்தப் பயிற்சிக்குப் பதிலாக அதை ஓடுகிறார் என்பதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். குறிக்க எதுவும் இல்லாத பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கத் தேவையில்லை.